மாமா காருக்குள்ள ஒரு ஜப்பான்

போன மார்கழிக் குளிர்ல எங்க மாமா காருக்குப் புது பெட்டரி போட்டார். கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் டேஷ்போர்டில் இருந்த திரை ஜப்பான் எழுத்தில் எதையோ கேட்டுவிட்டு அப்படியே உறைந்து நின்றது. ரேடியோ இல்லை, பாட்டு இல்லை, ரிவர்ஸ் கேமராவும் இல்லை.

“பெட்டரி மாத்துனதுக்கு ரேடியோ ஏன்டா சாகணும்?” என்றார் மாமா.

இலங்கையில் பழைய ஜப்பான் கார்ல ஏறினவங்களுக்கு இன்னொரு குரலும் பழக்கம். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் ரொம்பப் பணிவாக ஏதோ சொல்வார். பாதிப் பேர் அதை வணக்கம்னு நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவர் சொல்வது, “இ.டி.சி. அட்டை செருகப்படவில்லை” என்பதுதான். ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் நிற்காமல் சுங்கம் கட்டும் ஏற்பாடு அது, 2001இல் நாடு முழுக்க வந்தது. கினிகத்தேனை ஏத்தத்தில் எங்கே சுங்கச் சாவடி? இருந்தாலும் அந்த அம்மா தினமும் காலையில் அட்டையைக் கேட்கிறார்.

காரை அட்டனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். புதுக் கார் வாங்கலாமே என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியது, பழுது பார்க்கிறவங்களுக்கும் மவுசு ஏறியது. பாஸ் (மெக்கானிக்கை நம்ம ஊர்ல அப்படித்தானே கூப்பிடுறோம்) திரையைப் பார்த்ததும் சிரித்தார்.

“அண்ணே, இது சாகல. பூட்டிக்கிச்சு.”

களவு போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடாம். மின்சாரம் ஒருமுறை அறுந்தால், தன்னை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். சிலது கடவுச்சொல் கேட்கும். மாமா காரில் இருந்தது, வரைபடம் உள்ள எஸ்.டி. அட்டையைக் கேட்கிற ரகம். அந்த அட்டை இலங்கைக்கு வந்து சேரவே இல்லை. யார் எப்போது கழற்றினார்களோ! பெட்டரி மாத்தும்போது வேறொரு 12 வோல்ட் இணைப்பைக் கொடுத்துவிட்டு மாத்தியிருந்தால் பூட்டியே இருக்காது என்றார் பாஸ். பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவங்க இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க.

அதோட அவர் விடவில்லை. பியூஸ் பார்த்தார். பின்பக்கம் ஒயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். டிவிடி வரைபடம் உள்ள பெட்டியாக இருந்தால் லென்ஸில் தூசு படிந்தாலே வழி தெரியாமல் போகுமாம். கார் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூன்று ஒயரைக் காட்டினார். ஒன்று செய்மதி அன்டெனாவுக்குப் போகிறது. இன்னொன்று சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று துடிப்புத் துடிப்பாகச் சொல்கிறது. மற்றது பெட்டிக்கு மின்சாரம். கார் எந்தப் பக்கம் திரும்பியது என்று உணர்கிற ஜைரோ பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மலை மறைத்துச் செய்மதி கிடைக்காத இடத்தில், தொடங்கிய இடம், ஓடிய தூரம், திரும்பிய கோணம் இந்த மூன்றையும் வைத்துப் பெட்டி தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இறம்பொடை வளைவுகளில் ஏறுகிற ஒரு டிரைவர் தன் தலைக்குள் போடுகிற கணக்கும் இதேதான்.

செய்மதிக்கு முன்னால் பிறந்த கணக்கு இது. 1981இல் ஹொண்டா நிறுவனம் ‘எலக்ட்ரோ ஜைரோகேட்டர்’ என்ற கருவியைக் காருக்குள் வைத்தது. சின்ன டிவித் திரைக்கு முன்னால் ஒளி ஊடுருவும் வரைபடத் தாளைச் செருக வேண்டும். கார் ஓட ஓடப் பின்னால் ஒரு கோடு நகரும். முதலில் ‘நான் இங்கே நிற்கிறேன்’ என்று தாளில் காட்டிவிட வேண்டியது ஓட்டுநரின் வேலை. செய்மதியைப் பார்த்து வழி சொல்லும் பெட்டியோடு 1990இல் மஸ்டாவின் யூனோஸ் கொஸ்மோ வந்தது. பொதுமக்களுக்கான செய்மதிக் குறியில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்திய பிறகுதான் வழி தெளிவாகக் கிடைத்தது.

செய்மதிக்கும் ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. ஜி.பி.எஸ். 1980 ஜனவரி 6இலிருந்து வாரங்களை எண்ணுகிறது. பழைய குறியில் 1023 வரைதான் எண்ண இடம். அதற்கு மேல் போனால் திரும்பப் பூச்சியம். 1999 ஓகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொருமுறை அப்படித் திரும்பியது. வாரக் கணக்கைப் பெட்டிக்குள் சரியாக எழுதாத பழைய கார்கள் கிட்டத்தட்ட 20 வருசம் பின்னால் போய்விடும். 2022 புத்தாண்டில் பல பழைய ஹொண்டா கார்களின் கடிகாரம் 2002 என்று காட்டியது இந்த மாதிரிக் கோளாறால்தான்.

சரி, மாமா காருக்கு வருவோம். பூட்டைத் திறக்க வழி தேடலாம் என்றார் பாஸ். “ஆனா தொறந்தாலும் உள்ள இருக்கறது ஜப்பான் மேப்தானே அண்ணே? டோக்கியோவுக்கா போகப்போறீங்க?” ரேடியோவும் ஜப்பான் அலைவரிசைக்குச் செய்ததால் நம்ம நிலையங்களில் பாதி அதில் வராது. கடைசியில் பழைய பெட்டியைக் கழற்றி அன்ட்ராய்ட் செட் ஒன்றை மாட்டினார். ரிவர்ஸ் கேமரா ஒயரை மட்டும் பொறுமையாகத் தேடிப் பிடித்து இணைத்தார். இணையம் இல்லாத இடத்துக்காக மத்திய மாகாண வரைபடத்தையும் இறக்கி வைத்துக் கொடுத்தார்.

சந்தோசமா வெளியே வந்தோம். மாமா எங்க தோட்டத்தின் பெயரைப் போட்டார். வழி வந்தது, போனோம். தேயிலை ஸ்டோர் வாசலில் நிறுத்தி, ‘வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்றது.

எங்க வீடு அங்கிருந்து இன்னும் மேலே. அதற்கு வழி இப்படி: பிள்ளைக்காம்பராவைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வளைவில் ஏறி, தண்ணி டேங்கிக்கு மேல மூணாவது லயம், அஞ்சாவது காம்பரா. இதில் ஒன்றுகூட புதுச் செட்டுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அடுத்தவன் ஊர் வரைபடத்தோடு இந்த மலைக்கு வந்த முதல் பெட்டி அந்த ஜப்பான் பெட்டி இல்லை. தலவாக்கலையில் ஹொலிரூட், நானுஓயாவில் எடின்பரோ, அக்கரப்பத்தனையில் பல்மோரல், பூண்டுலோயாவில் டன்சினன். எல்லாம் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். துரைமார் தங்கள் ஊரை நினைத்துப் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர்களே வரைபடத்தில் ஏறின. ரயில் 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. கொழுந்து எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெளிவாக வரையப்பட்டிருந்தது.

ஆளும்கூட அப்படித்தான் வந்து சேர்ந்தார். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவங்களுக்குக் கங்காணிதான் வழிகாட்டி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டின் டிக்கட்’ முறை வந்தது. தொழிலாளிக்கு ஒரு தகரத் துண்டு கொடுப்பார்கள், போய்ச் சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் அடையாளம் அதில் பொறித்திருக்கும். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பார்சல் மாதிரி, விலாசத்தை உடம்பில் சுமந்துகொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு அவங்க வீட்டுக்கு விலாசம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இது பழங்கதை இல்லை. பல தோட்டங்களில் கடிதம் இன்றும் தோட்ட ஆபீசுக்குத்தான் வருகிறது. அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீட்டுக்கு வருவதற்குள் நேர்முகப் பரீட்சைத் திகதி போய்விடுகிறது. ஒரே பெயரில் ஒரே தோட்டத்தில் நாலு பேர் இருந்தால் கேட்கவே வேண்டாம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவு செய்யத் தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை காத்திருந்தோம். வாக்குப் போட்டும், லயத்துக்குப் போகும் பாதை சபையின் கணக்கில் பாதையாக இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நாட்டின் வரைபடக் கட்டங்களுக்குத் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொண்ட மலை பீதுருதாலகால, 2,524 மீட்டர், நுவரெலியாவுக்கு நேர் மேலே. யாழ்ப்பாணமும் காலியும் கொழும்பும் எங்கே இருக்கின்றன என்று அளப்பது எங்க அம்மாக்கள் கொழுந்து பறிக்கும்போது நிமிர்ந்தால் தெரிகிற அந்த உச்சியிலிருந்து. அதன் அடிவாரத்து லயக் காம்பராக்களுக்குத்தான் இலக்கம் இல்லை.

2023இல் 200 வருச நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்ம ஆட்கள் மறுபடி நடந்தார்கள். வந்த வழியைத் திரும்ப நடந்து குறித்தார்கள். வீட்டு வாசலைக் குறிப்பது மிச்சம் இருக்கிறது. விலாசமும் காணியும் அரசாங்கம் தர வேண்டியவை, அதைக் கேட்பதை விட முடியாது. ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் சேர்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாயியைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். பிரட்டுக்களம், பிள்ளைக்காம்பரா, கோயில், டேங்கி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசியில் எங்க லயத்துக்கு என்ன பெயர் போடுறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மேல் லயம்னு போடு. அப்பறம் ஒவ்வொரு காம்பராவுக்கும் நம்பர் போடு. யாரும் நம்மளத் தேடி வந்தா ஸ்டோரு வாசல்ல நிக்கக் கூடாது.”