கடல் குறித்துக் கொடுக்கும் நாள்

என் மகளுக்கு 14 வயது. இந்தக் கோடை விடுமுறையில் ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். மாலத்தீவு, அந்தமான் என்று தோழிகள் சொன்ன ஊர்களையெல்லாம் அடுக்கினாள். நான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை என்றேன். வெதுவெதுப்பான நீரும் பவளப்பாறையும் மற்ற இடங்களிலும் உண்டு. ஆனால் தமிழ் பேசும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிக் கடலடிக்குப் போய்வந்தது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில். அங்கே தொடங்கும் கதை திருகோணமலை வரை நீளும். முதல்முறை நீருக்குள் இறங்கும் பெண் அந்தக் கதை தெரிந்து இறங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பயணத் திட்டமும் அந்தக் கதையிலிருந்தே எனக்குக் கிடைத்தது.

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குகிறேன். தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார்க் கரைகளிலிருந்து பரதவர்களும் முஸ்லிம்களும் முத்துப்பார்களுக்கு, அதாவது சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்கு, தோணி கட்டிப் போனார்கள். அரபு நாட்டுச் சுழியோடிகளும் வந்து சேர்ந்தார்கள். பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 9 முதல் 18 மீட்டரில் கிடந்தன. கயிற்றில் கட்டிய கல்லில் ஒரு காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்குவார். மேலே தோணியில் நிற்பவரின் கையில் கயிறு இருக்கும். கீழே ஒரு நிமிடம், கொஞ்சம் முன்பின். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பைக்குள் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ என்ற மந்திரவாதி மந்திரித்துக் கொடுக்காமல் பலர் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. இலங்கைக் கரையில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, உயிரைக் கொடுத்து எடுத்தவர்களுக்கு ஒரு பங்கு. 1905இல் அந்தக் கரையின் மரிச்சுக்கட்டி மணல்வெளியில் ஒரு நகரமே முளைத்து, சுமார் 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. மறு ஆண்டே பார்கள் ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போயின. சில ஆண்டுகளில் கம்பெனி நொடித்தது. தூத்துக்குடிப் பக்கம் கடைசிப் பெரிய குளிப்பு 1961இல் முடிந்தது.

இத்தனை பேருக்கும் நாள் குறித்தது வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் தென்மேற்கிலிருந்து வரும் சோழகமும்தான். வாடைக்காற்று ஓய்ந்து சோழகம் எழும் முன் கிடைக்கும் சில வாரங்களில் மட்டுமே முத்துக்குளிப்பு நடந்தது. தோணி எத்தனை இருந்தாலும், பணம் எவ்வளவு கொட்டினாலும் அந்த இடைவெளியை ஒரு நாள்கூட நீட்ட முடியவில்லை.

மூச்சடக்காமலே கடலடியில் இருக்கும் வழி பிறகு வந்தது. 1943இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கஞ்ஞானும் சேர்ந்து, மூச்சுக்கு ஏற்பக் காற்று தரும் கருவியைச் செய்தார்கள். அதை முதுகில் மாட்டிக்கொண்டு இந்தக் கடலுக்கு வந்தவர்களில் இருவர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும். 1956இல் கிளார்க் இலங்கையிலேயே குடியேறினார். விண்வெளிக் கதைகளுக்காக உலகம் அறிந்த அந்த மனிதருக்கு, எடையற்று மிதக்கும் அனுபவம் கிடைத்தது கடலுக்குள்தான்.

அதே 1956இல் வில்சன் திருகோணமலையின் சுவாமி மலையடியில் இறங்கினார். 1620களில் போர்த்துக்கீசியர் அந்த மலைமேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியவை செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் விழுந்தன. மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக ஊரார் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை வில்சன் கண்ணால் கண்டார்: செதுக்கிய தூண்களும் கற்களும் பாறைகளுக்கிடையே கடலுயிர் படிந்து கிடந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1950இல், ஊருக்குள் கிணறு தோண்டும்போது பழைய வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டிருந்தன. 1963இல் மலையுச்சியில் கோயில் மறுபடி எழுந்து குடமுழுக்கு கண்டது. வில்சனும் பின்னாளில் துறவியாகி, சுவாமி சிவகல்கி என்ற பெயரில் வாழ்ந்தார்.

என் மகளை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த கதை. 1961 மார்ச்சில் வில்சன், இலங்கையின் தென்கிழக்கே கிரிந்தைக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்திட்டுக்கு நீரடிப் படம் எடுக்கப் போனார். உடன் சென்றவர்கள் 13, 14 வயது அமெரிக்கச் சிறுவர்கள் இருவர். அங்குள்ள கலங்கரை விளக்கத்தைச் சுற்றி நுரைத்துக்கொண்டே இருக்கும் அந்தக் கடல் அடங்குவதும் ஆண்டில் சில வாரங்கள்தான். அங்கே ஒரு சிறு வெண்கலப் பீரங்கி கண்ணில் பட்டது. பக்கத்தில் வெள்ளிக் காசுகள். ஔரங்கசீப் காலத்தில் சூரத் நாணயச் சாலையில் அடித்த ரூபாய்கள் அவை. மூட்டை உளுத்துப் போயிருந்தாலும் காசுகள் ஒன்றோடொன்று இறுகி மூட்டையின் வடிவத்திலேயே நின்றன. பொறித்திருந்த ஆண்டு ஹிஜ்ரி 1113, அதாவது 1702 வாக்கு. கப்பலின் பெயர் இன்றுவரை துலங்கவில்லை. 1963இல் கடலடித் தொல்லியல் அறிந்த பீட்டர் திராக்மார்ட்டனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். கிளார்க் அதைப் புத்தகமாக எழுதினார்.

“அந்தப் பையன்களுக்கு என் வயசும்மா” என்றாள். ஆமாம். அவர்களால் இறங்க முடிந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டுமல்ல. கடல் அடங்கிய வாரத்தில், அந்தக் கடலை அறிந்த ஒருவரோடு போனார்கள். இன்றைய விதிகள் சொல்வதும் அதையேதான். பாடி (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி நிறுவனத்தின் இளையோர் சான்றிதழை 10 வயதில் தொடங்கலாம். 12 முதல் 14 வரை உள்ளவர்கள், சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவரோடு 18 மீட்டர் வரை இறங்கலாம். கல் கட்டி ஒரே மூச்சில் நம்மவர்கள் போய்வந்த அதே 18 மீட்டர்! மகளோடு நானும் படித்துத் தேற வேண்டும் என்பதால் வகுப்பில் இரண்டு பெயர் கொடுத்திருக்கிறேன். காது, மூக்கு, மூச்சு மூன்றையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கட்டினேன்.

அவள் கேட்டு நான் மறுத்தது ஒன்று உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க வேண்டுமாம். 307 பேர் மாண்ட கப்பல். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அது தனிப் பயிற்சி பெற்றவர்களின் ஆழம், குடும்பச் சுற்றுலாவில் சேராது.

மே மாதத்தைத் தேர்ந்தது பள்ளி விடுமுறைக்காக மட்டுமல்ல. சோழகக் காற்றைக் கிழக்கிலங்கையில் கச்சான் என்பார்கள். அது மேற்குக் கரையில் அலை கிளப்பும் மாதங்களில் திருகோணமலைக் கடல் மலைநாட்டின் மறைவில் அடங்கிக் கிடக்கும். நீரின் வெப்பம் 28 டிகிரிக்குக் குறையாது. பிற்பகலில் காற்று வலுக்கும் என்பதால் இறங்குவதெல்லாம் காலையில். தங்குவது நிலாவெளியில். எதிரே புறாத்தீவு: 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தென்மேற்குப் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தபோது, இந்தப் பக்கம் ஓரளவு தப்பியது. அங்கே மிதந்து பார்க்கும்போது கால்துடுப்பு பவளத்தில் படக்கூடாது, நின்று இளைப்பாறக் கூடாது, சிப்பி ஒன்றுகூடக் கையோடு வரக்கூடாது. வீட்டில் இதை எழுதிக் கையெழுத்தே வாங்கிவிட்டேன்.

கடைசியாகக் கடலுக்குள் இறங்கிய பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். அந்த நாளைத்தான் ஊருக்குள் செலவிடப் போகிறோம். போர்த்துக்கீசியர் கோயில் கற்களால் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டை இன்று பிரெட்றிக் கோட்டை. அதன் வாசலில், கோயிலிலிருந்து பெயர்த்து வைத்த கல்லில் பாண்டியரின் இணைக்கயலும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இன்றும் இருக்கின்றன. அதை விரலால் காட்டிவிட்டு மலையேறிக் கோணேசரைக் கும்பிடுவோம். ஸ்கூபாவை எந்தக் கடலிலும் அவள் கற்றிருக்கலாம். ஆனால் இங்கே கற்றால், நீருக்கு அடியில் இருப்பது வேறு உலகம் என்று அவள் நினைக்க மாட்டாள். கரையில் வாழ்ந்தவர்களின் உழைப்பும் வழிபாடும் வணிகமும் போரும் கடலுக்குள்ளும் கிடக்கின்றன என்று அறிந்திருப்பாள். அதற்காகவே இந்த ஊரைத் தேர்ந்தேன்.