நம்ம பி.பி.எஸ். – எந்த 'நம்ம'?

தமிழிலும் கன்னடத்திலும் ஒரே மாதிரி உச்சரித்து, ஒரே அர்த்தம் தரும் சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'நம்ம'. பெங்களூரில் எங்கே திரும்பினாலும் இந்தச் சொல்தான். மெட்ரோ ரயிலுக்கே 'நம்ம மெட்ரோ' என்றுதான் பேர். ஆனால் இந்தச் சின்னச் சொல் ஒரு பெரிய சிக்கலையும் கிளப்பிவிடும். பி.பி.ஸ்ரீனிவாஸ் யாருடைய பாடகர் என்று இங்கே நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

தமிழர்களுக்கு அவர் ஜெமினி கணேசனின் குரல். 1961-ல் வந்த பாவ மன்னிப்பு படத்துக்குப் பிறகு அந்தக் குரலுக்கு வேறு முகத்தை யோசிக்கவே முடியாமல் போய்விட்டது. கன்னடர்களிடம் கேட்டால் 'ஜெமினியா, யார் அது?' என்பார்கள். அவர்களுக்கு பி.பி.எஸ். என்றால் ராஜ்குமார். அறுபதுகள் முழுக்க அண்ணாவ்ரு வாயசைத்தால் வருவது இவர் குரல்தான். சரி, மனிதர் எந்த ஊர்? காக்கிநாடா. தாய்மொழி தெலுங்கு. முதலில் பாடியதோ 1952-ல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த மிஸ்டர் சம்பத் என்ற இந்திப் படத்தில்! படித்தது பி.காம். (இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்குச் சொந்தம் உண்டு.)

இது எப்படி சாத்தியமாயிற்று? 'கலைக்கு மொழி கிடையாது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு அது போதாது. காரணம் ரொம்ப எளிமையானது. அந்தக் காலத்தில் தென்னிந்திய சினிமாவின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தது. ஏவி.எம்., விஜயா வாகினி என்று கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்தில்தான் படப்பிடிப்புத் தளங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும். காலையில் தமிழ்ப் பாட்டுக்கு வயலின் வாசித்தவர் சாயங்காலம் கன்னடப் பாட்டுக்கு வாசிப்பார். நான்கு மொழிகளுக்கும் ஒரே வாத்தியக்காரர்கள், ஏறக்குறைய அதே பாடகர்கள். பாட்டு எழுதுகிறவரும் அதை ரசிக்கிறவரும்தான் மொழிக்கு மொழி மாறுவார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், அது ஒரு கூட்டுக் கணக்கு. நான்கு பேரும் பணம் போட்டார்கள், நான்கு பேரும் எடுத்தார்கள்.

பி.ஆர்.பந்துலுவைப் பாருங்கள். கோலார் பக்கத்துக்காரர். கன்னடம் பேசும் அந்த மனிதர்தான் தமிழனுக்கு வீரபாண்டிய கட்டபொம்மனையும் (1959) கப்பலோட்டிய தமிழனையும் (1961) எடுத்துக் கொடுத்தார். அவரே கன்னடத்தில் எடுத்த ஸ்கூல் மாஸ்டர் (1958), ஸ்ரீ கிருஷ்ணதேவராய (1970) படங்களுக்கு இசை டி.ஜி.லிங்கப்பா. இவர் தமிழ்நாட்டுக்காரர். வரவும் செலவும் சரியாக இருக்கிறதா?

ஆனால் இந்தக் கணக்கில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஜி.கே.வெங்கடேஷ் என்ற பெயரை. தமிழில் அவரைப் பலருக்கு ஞாபகம் இருக்காது. பொண்ணுக்கு தங்க மனசு (1973) என்றால் சிலருக்குப் பொறி தட்டலாம். கன்னடத்தில் அவர் பெரிய ஆள். கஸ்தூரி நிவாஸ (1971), ஒரு வருடத்துக்கும் மேல் ஓடிய பங்காரத மனுஷ்ய (1972), பிஸ்மில்லா கான் ஷெனாய் வாசித்த சனாதி அப்பண்ண (1977) எல்லாம் அவர் இசைதான்.

எழுபதுகளின் முதல் பாதியில் அவருடைய இசைக்குழுவில் இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் அவரிடம் கிடார் வாசித்துக்கொண்டும், இசைக்குறிப்பு எழுதிக்கொண்டும் உதவியாளராக இருந்தார். அவர் வேலை பார்த்த படங்களில் பெரும்பாலானவை கன்னடப் படங்கள். 1976-ல் அன்னக்கிளி வந்தபோது 'ஆஹா, நம்ம மண்ணின் வாசனை' என்று தமிழ்நாடே கொண்டாடியது. அந்த வாசனை மண்ணிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் அதைத் தாளில் எழுதி, இத்தனை வயலின், இத்தனை புல்லாங்குழல் என்று பிரித்துக் கொடுக்கும் தொழில் கை வந்தது கன்னடப் படங்களின் ஒலிப்பதிவில்தான். இளையராஜாவின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் பாதிக்கு மேல் கன்னடம் என்றால் நம் ஆட்கள் கொஞ்சம் முறைப்பார்கள். முறைக்கட்டும், உண்மை அதுதானே.

இரண்டாவது விஷயம் 1974-ல், சம்பத்திகெ சவால் படத்தில். வெங்கடேஷ் இசையில் ராஜ்குமார் தானே ஒரு பாட்டைப் பாடினார். எருமை மீது உட்கார்ந்து பாடும் அந்தப் பாட்டு இன்றைக்கும் இங்கே கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் ஒலிக்கும். ராஜ்குமார் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், பாடத் தெரிந்தவர். பின்னால் ஜீவன சைத்ர (1992) படத்துக்காகச் சிறந்த பாடகர் தேசிய விருதே வாங்கினார். அவர் பாடியது நியாயம்தான். ஆனால் அதன் பிறகு தன் படங்களில் அவரே பாட ஆரம்பித்துவிட்டார். தமிழில் அதற்குள் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் யேசுதாஸும் வந்தாயிற்று. பி.பி.எஸ்.ஸுக்கு இரண்டு கதவுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சாத்தப்பட்டன. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் சட்டைப் பை நிறையப் பேனாக்களோடு உட்கார்ந்து பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருந்த பெரியவரைச் சென்னைக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். 2013 ஏப்ரலில் அவர் காலமானார்.

வெங்கடேஷுக்கும் காலம் திரும்பியது. பின்னாளில் தன்னிடம் உதவியாளராக இருந்த இளையராஜாவின் குழுவிலேயே அவர் பணியாற்றினார். குரு சீடனிடம் வேலை பார்ப்பது எளிதில்லை. எங்கள் கிளைகளில் இப்படி நடந்தால் டிரான்ஸ்பர் கேட்டு ஓடிவிடுவார்கள் :-)

கொடுக்கல் வாங்கல் நின்றுவிடவில்லை. பாலு மகேந்திராவின் முதல் படம் கோகிலா (1977) கன்னடம். சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. மணிரத்னத்தின் முதல் படம் பல்லவி அனுபல்லவியும் (1983) கன்னடம், இசை இளையராஜா. சங்கர் நாக்கின் கீதா (1981) படத்து மெட்டு ஒன்று நூறாவது நாள் (1984) வழியாகத் தமிழுக்கு வந்தது. பிறகு சீனி கம் (2007) வழியாக இந்திக்கும் போனது. வேலூரில் பிறந்து, ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்து, பாடுவதற்காக அதை விட்ட வாணி ஜெயராமைக் கன்னடர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஊரில் 'நம்ம' என்ற சொல்லுக்கு அவ்வப்போது வேலி போடுவார்கள். 2000 ஜூலை 30 அன்று ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, அவர் திரும்பி வரும்வரை 108 நாள் இங்கே தமிழர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடத்தல் நடந்த கஜனூர் அவருடைய சொந்த மண். அது இருப்பது தமிழ்நாட்டில்!

2016 செப்டம்பர் காவிரிக் கலவரம் நானே பார்த்தது. ஊரின் பல பகுதிகளில் ஊரடங்கு. எங்கள் குடியிருப்பில் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டிகள் ஒரு வாரம் வெளியே வரவில்லை. காரிலும் வீட்டிலும் தமிழ்ப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தோம். யாரும் வந்து சொல்லவில்லை, கை தானாகவே குறைத்தது.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் கிளையின் கேஷியர் செல்போனில் ஒரு பழைய பாட்டு வைத்தார். "ராஜ்குமார் பாட்டு சார், கேட்டிருக்கீங்களா?" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். "குரல் பி.பி.எஸ்.தானே?" என்றேன். "ஹௌது சார், நம்ம பி.பி.எஸ்.!" "ஆமா, நம்ம பி.பி.எஸ்.தான்" என்று நானும் சொன்னேன். பாவ மன்னிப்பு பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இவர் தமிழில் இவ்வளவு பாடியிருக்காரா?" என்றார். அவருக்கு மண்டியா பக்கம் நெல் வயல். எனக்குக் கும்பகோணம் பக்கம். தண்ணீரைப் பற்றி இருவருமே பேசவில்லை. இன்னும் இரண்டு பாட்டு கேட்டோம்.

பாட்டு காவிரிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்றெல்லாம் கதை விடமாட்டேன். அந்தக் கூட்டுக் கணக்கு அன்பினால் திறந்ததும் இல்லை, வியாபாரத்துக்காகத் திறந்தது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் வசதிகள் வந்ததும் அவரவர் தனிக்கணக்குக்குப் போனார்கள், அதிலும் தப்பில்லை. ஆனால் பழைய இருப்பு இன்னும் இருவர் பேரிலும்தான் இருக்கிறது. அதில் ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடினால் கணக்கு தப்பு.

சந்தேகமிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். சிவாஜியின் அவன்தான் மனிதன் (1975) பார்த்திருப்பீர்கள். அது கஸ்தூரி நிவாஸவின் ரீமேக். முதலில் கன்னடப் பாட்டுகளை, பி.பி.எஸ். குரலில், கேளுங்கள். பிறகு எம்.எஸ்.வி. போட்டதைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் கன்னடக்காரர் இருந்தால் அவரையும் காபிக்குக் கூப்பிடுங்கள். எது உசத்தி என்று சண்டை வரும். வரட்டும், அது நல்ல சண்டை.