முப்பத்தொன்பது இலக்க முதன்மை எண்ணொன்றின் வரலாறு

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண் எனப்படும். அத்தகைய எண்கள் முடிவில்லாதன என்பதை யூக்கிளிட்டு அன்றே நிறுவினார். ஆயினும், குறித்த ஒரு பேரெண் முதன்மை எண்ணா அன்றா எனத் துணிதல் எளிதன்று. அத்துணிபு வளர்ந்த வரலாற்றை ஓர் எண்ணின் வாயிலாக ஈண்டு நோக்குவாம்.

இரண்டின் வலுக்கள் சிலவற்றிலிருந்து ஒன்றைக் கழிக்க 3, 7, 31, 127 முதலிய முதன்மை எண்கள் தோன்றுகின்றன. அவ்வாறு தோன்றுவதற்கு வலுவின் சுட்டியும் முதன்மை எண்ணாதல் வேண்டும். ஆனால் அதுமட்டும் போதாது. சுட்டி 11 ஆயின் வருவது 2047. அது 23ஐ 89ஆற் பெருக்க வருவதாம். பாரிசு நகரில் வாழ்ந்த மேர்சென் என்னும் துறவியார், 1644இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், 257க்கு மேற்படாத சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றே முதன்மை எண்களைத் தருவன என்றார். கூறினாரேயன்றி நிறுவிக் காட்டினாரல்லர்.

சுட்டி 31 தரும் 2147483647 முதன்மை எண்ணே என 1772இல் ஒயிலர் நிறுவினார். அதன் காரணிகள் குறித்த சில வடிவங்களிலேயே அமைதல் கூடும் எனக் காட்டி, வகுத்துப் பார்க்கவேண்டிய எண்களை அவர் வெகுவாகச் சுருக்கினார். சுட்டி 127க்கோ இவ்வழி உதவாது. அது தரும் எண் 170141183460469231731687303715884105727 ஆகும். இதன் வர்க்கமூலமே இருபது இலக்கங்கள் கொண்டது. அத்துணை எண்களால் வகுத்துப் பார்க்க மனித ஆயுள் போதுமோ?

பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, வகுத்தலின்றியே துணியும் வழியொன்றைக் கண்டார். பின்னர் லேமர் செம்மைப்படுத்திய வடிவில் அவ்வழி வருமாறு: நான்கில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணை வர்க்கித்து இரண்டைக் கழித்து, ஆராயப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. சுட்டி இரண்டினும் பெரிய முதன்மை எண்ணாயின், அதனினும் இரண்டு குறைந்த தடவைகள் இவ்வாறு செய்து பூச்சியம் எஞ்சினால் அது முதன்மை எண், எஞ்சாவிடின் அன்று. எண் 31 ஆயின் சுட்டி 5, தடவைகள் மூன்று. மீதிகள் முறையே 14, 8, 0. தன் முறையால் 1876இல் லூக்கா சுட்டி 127 பற்றிய கூற்று மெய்யென்றும், 67 பற்றியது பொய்யென்றும் துணிந்தார்.

ஈண்டு வியக்கத்தக்கது ஒன்றுண்டு. சுட்டி 67 தரும் எண்ணுக்குக் காரணிகள் உள என்று லூக்கா அறிந்தார். அவை யாவை என்று அறிந்தாரல்லர். 193707721, 761838257287 என்னும் அவற்றை 1903இலேயே அமெரிக்கரான கோல் வெளியிட்டார். ஒரு பொருள் உண்டென நிறுவுதல் வேறு, அதனைக் கண்டெடுத்தல் வேறு என்னும் உண்மை இதனாற் புலனாகும்.

பின்னர் 61, 89, 107 ஆகிய சுட்டிகளை மேர்சென் விடுத்தமையும், 257ஐத் தவறாகச் சேர்த்தமையும் வெளிப்பட்டன. 127 தந்த எண்ணோ 1951 வரை அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியதாய் நிலவிற்று. அதன்பின் கணிப்பொறிகள் அவ்விடத்தைக் கவர்ந்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதனைத் துணிதற்கும் இறுதியில் லூக்கா, லேமர் வழியே துணையாயிற்று.

பட்டியலிற் பிழையிருந்தும் இவ்வகை எண்கள் மேர்சென் பெயராலேயே வழங்குகின்றன. நல்ல வினாவை எழுப்பியவர்க்கு உலகம் அளிக்கும் சிறப்பு அது. ஆனால் அவ்வினாவுக்கு விடை தந்தது பெரியார் வாக்கன்று, நிறுவலே என்பதை மாணவர் மறத்தலாகாது.