விருப்ப ஓய்வு: யாருடைய விருப்பம்?

ஆளை வேலையை விட்டு நீக்குவதற்கும், "நீங்களாகவே போய்விடுங்கள், பணம் தருகிறோம்" என்று சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? இந்தியாவில் வி.ஆர்.எஸ். என்னும் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் வரலாறே இந்தக் கேள்விதான்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல், தொழில் தகராறுகள் சட்டத்தில் புதிய அத்தியாயம் ஒன்று சேர்ந்தது. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டங்களில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்றானது. 1982ல் வந்த திருத்தம் அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. அனுமதியோ எளிதில் கிடைக்காது. நிர்வாகங்களுக்கு மிச்சமிருந்த வழி, தொழிலாளியின் சம்மதத்தை விலைக்கு வாங்குவதுதான். ஏனென்றால், ஒருவர் தானாக விலகினால் சட்டப்படி அது ஆட்குறைப்பே அல்ல.

பொதுத்துறை நிறுவனங்களுக்கான விதிமுறைகளை மத்திய அரசு 1988 அக்டோபரில் வெளியிட்டது. பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றரை மாதச் சம்பளம், அல்லது மீதமுள்ள பணிக்காலத்தின் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. 20 ஆண்டு வேலை பார்த்தவருக்கு 30 மாதச் சம்பளம். ஓய்வுக்கு 12 மாதமே பாக்கி என்றால் 12 மாதச் சம்பளம்தான். 1992ல் தேசியப் புத்தாக்க நிதி உருவானது. வேலை இழப்பவர்களுக்கு மறுபயிற்சி தருவதும் அதன் நோக்கம். ஆனால் பணத்தில் பெரும்பகுதி வி.ஆர்.எஸ். தொகைக்கே போனது.

அடுத்து வங்கிகள். கணினி வந்தது, தனியார் வங்கிகளின் போட்டியும் வந்தது. 2000-01ல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். விண்ணப்பித்த சிலர் மனம் மாறினார்கள். கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியாது என்றது திட்ட விதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டத்தில் படிக்கும் அதே பாடம்: நாட்டுடைமை வங்கிகள் வெளியிட்ட திட்டம் வெறும் அழைப்பு; ஊழியரின் விண்ணப்பம்தான் முன்மொழிவு; வங்கி ஏற்பதற்கு முன் அதைத் திரும்பப் பெறலாம். பணத்தை வாங்கிப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

பணம் வாங்கியவர்களுக்கு வேறொரு அடி காத்திருந்தது. 10 சதவீதத்தையொட்டி இருந்த டெபாசிட் வட்டி, 2004க்குள் 5 சதவீத அளவுக்கு இறங்கியது. 5 லட்சம் போட்டவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வந்த இடத்தில் 25,000. விலைவாசி மட்டும் இறங்கவில்லை.

2019ல் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் சம்பளமே தாமதமாகிக்கொண்டிருந்தபோது வி.ஆர்.எஸ். அறிவிக்கப்பட்டது. 50 வயதைக் கடந்தவர்களில் 78,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு, 2020 ஜனவரி 31 அன்று விடைபெற்றார்கள். நல்ல தொகை என்று மகிழ்ச்சியோடு போனவர்களும் உண்டு, பயந்து போனவர்களும் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான்.

விருப்பம் என்ற சொல் உண்மையாக இருக்க வேண்டுமானால், போக மாட்டேன் என்பவருக்கும் அடுத்த மாதம் சம்பளம் ஒழுங்காக வர வேண்டும்.