எண்ணில் இருக்கும் சூடு

ஒரகடத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் என் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டினார். முனை முழுக்க கரியும் எண்ணெயும்.

"ரொம்பக் கூலான பிளக்கப் போட்டுட்டீங்களே தம்பி."

போன வாரம் இணையத்தில் தேடி நானே வாங்கியது அது. பெரிய எண் என்றால் சூடான பிளக் என்று நம்பியிருந்தேன். ஒரு கம்பெனியின் அட்டவணையைப் படித்துவிட்டு இன்னொரு கம்பெனியின் பிளக்கை வாங்கியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

பிளக்கின் சூடு என்பது பொறியின் சூடு இல்லை. முனையில் சேரும் வெப்பம் எவ்வளவு சீக்கிரம் இன்ஜினுக்குள் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. சீக்கிரம் இறங்கினால் கூல் பிளக், மெதுவாக இறங்கினால் ஹாட் பிளக். முனை ஏறக்குறைய 450 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் ஒட்டிக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் முனையே கங்காகி, பொறி வரும் முன்பே பெட்ரோலைக் கொளுத்திவிடும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகலாம்.

இந்த எண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1902-இல் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கான ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். பின்னால் இன்ஜின்கள் பலவிதமாகப் பெருகியபோது, சோதனை இன்ஜினில் பிளக் கங்காவதற்கு எத்தனை விநாடி தாங்குகிறது என்று அளந்து, அதையே எண்ணாக வைத்தார்கள். எண் கூடினால் கூல்.

1951-இல் பெங்களூரில் பாஷ் உரிமத்தோடு மைக்கோ தொடங்கியது. 1955-இல் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா வந்தது. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு 'டபிள்யூ 175' என்பது மனப்பாடம். பிறகு பாஷ் தன் எண்களைச் சுருக்கியபோது திசையே மாறிவிட்டது. பழைய 175 ஏறக்குறைய 7 ஆனது, அதைவிடக் கூலான 225 சுமார் 5 ஆனது. இப்போது எண் குறைந்தால் கூல். ஜப்பானின் என்ஜிகேயிலோ இன்றைக்கும் எண் கூடினால்தான் கூல். நான் விழுந்த குழி இதுதான்.

2013-இல் ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது. 2015-இல் பக்கத்திலேயே வல்லம் வடகாலில் யமஹா ஆலை திறந்தது. அதே யமஹா 1968-இலேயே பனியில் ஓடும் ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம். டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலுக்கும் என் பைக்குக்கும் வியாதி ஒன்றுதான்: மெதுவாகவே ஓட்டினால் பிளக் எண்ணெயில் நனையும், முழு வேகத்தில் இழுத்தால் கொதிக்கும். அதனால் மேனுவலில் போட்டிருக்கும் எண்தான் முதல் விதி. வேறு கம்பெனி பிளக் வாங்கினால் அந்தக் கம்பெனியின் மாற்று அட்டவணையைப் பார்க்க வேண்டும். மரையின் நீளமும் பொருந்த வேண்டும், நீண்டுவிட்டால் பிஸ்டன் இடிக்கும்.

அண்ணன் அட்டவணை எதையும் பார்க்கவில்லை. வேறொரு பிளக்கை மாட்டி, "நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க"ன்னு அனுப்பினார். திரும்பி வந்ததும் கழற்றிப் பார்த்தார். முனை வெளிர் பழுப்பு. கருப்பு என்றால் கூல், வெளுத்துப் பொரிந்திருந்தால் ஹாட் என்று சொல்லிக்கொடுத்தார்.

கடை வாசலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். அதில் கழற்றிப் பார்க்க பிளக் இல்லை.

"அத லேப்டாப்தான் தம்பி பாக்கணும்" என்றார்.