‘பர்ன் அவுட்’ பிறந்த கதை

1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ஓர் இலவச மருத்துவமனை நடந்துவந்தது. போதைக்கு அடிமையாகி உள்ளே ஒன்றுமில்லாமல் போனவர்களை அந்தத் தெருக்களில் ‘பர்ன் அவுட்’ என்பார்கள். எரிந்து முடிந்த ஆள் என்று பொருள்.

ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் அங்கே உழைத்த உளவியலாளர். சிறுவயதில் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். பகலெல்லாம் தன் சொந்த கிளினிக்கில் நோயாளிகளைப் பார்ப்பார். இரவில் இங்கே வந்து ஊதியமில்லாமல் வேலை செய்வார். ஒருநாள் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பவேண்டிய காலையில் அவரால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. பிறகு டேப் ரெக்கார்டரில் தன் மனதைப் பேசிப் பதிவுசெய்து, அதைத் தானே போட்டுக் கேட்டார். அந்தக் குரலில் இருந்த களைப்பும் கோபமும் அவரையே திடுக்கிட வைத்தன.

1974இல் தன்னைப் போன்ற ஊழியர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிகளுக்குத் தெரு வைத்த பெயரை மருத்துவம் செய்பவர்களுக்கே சூட்டினார். விடாத தலைவலி, ஆறாத சளி, தூக்கமின்மை என்று உடலின் அறிகுறிகளை முதலில் சொல்லிவிட்டு மனதுக்கு வருகிறார். முதல் நாள் ஆர்வத்தோடு ஓடிவந்தவர், ஏறக்குறைய ஓராண்டில் எதைச் சொன்னாலும் ‘இதெல்லாம் நடக்காது’ என்கிறார். சக ஊழியர்மேல் சந்தேகம், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். கூடுதல் நேரம் உட்கார்ந்தாலும் வேலை நகர்வதில்லை.

இப்படிப்பட்ட ஊழியரை நமக்கும் தெரியும். ‘நெகட்டிவா பேசாதே’ என்று நாமே அடக்கியிருப்போம். அந்தப் பேச்சு எரிச்சல் மூட்டுவதுதான், ஆனால் அது புகை. உள்ளே எரிவது வேறு. மற்றவர்களைவிட அதிக ஈடுபாட்டோடு உழைப்பவர்களே இதில் சிக்குகிறார்கள் என்று ஃபிராய்டன்பெர்கர் அழுத்திச் சொன்னார். ஆனால் அந்தக் கசப்புப் புகை அவருடைய மூச்சையும் அடைக்கும் என்பது உண்மை. வீட்டுக்கு வந்தபிறகும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று மனம் அதையே அசைபோட்டால், உடல் படுத்தாலும் மனம் இன்னும் பணியில்தான் இருக்கிறது. இரவில் சேரவேண்டிய தெம்பு சேராமல் போகிறது. மறுநாள் வேலை இன்னும் கனக்கிறது, கசப்பும் கூடுகிறது.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இந்த ‘பர்ன் அவுட்’ நிலையை அளக்க வழிசெய்தார். 1981இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட 22 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல், வற்றிய மனம், மனிதர்களிடம் விலகல், எதையும் சாதிக்கவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்தது. 2019இல் உலக சுகாதார நிறுவனம், சமாளிக்கப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்று இதை விளக்கியது. நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையைப் பற்றிய எதிர்மறை எண்ணமும் அவநம்பிக்கையும் அந்த விளக்கத்துக்குள்ளேயே இடம்பெற்றன.

கசந்துபோன ஊழியருக்கு ஃபிராய்டன்பெர்கர் சொன்ன வழிகள் மிக எளியவை. ஒரே கடினமான பணிக்கு ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். வேலை நேரத்துக்கு வரம்பு வையுங்கள். ஆட்களைக் கூட்டுங்கள். முழுக்க எரிந்துவிட்டவருக்கு, வேண்டுமானால் ஒரு மாதமேகூட, விடுப்பு கொடுத்து அனுப்புங்கள்.