இயல்புத் தண்டனையும் கற்ற தண்டனையும்: நடத்தை ஆய்வு வரலாற்றில் ஒரு வினா

தண்டனை என்னும் சொல்லை அன்றாட வழக்கில் குற்றம், பழி, நீதி என்பவற்றோடு சேர்த்தே நாம் வழங்கி வருகின்றோம். நடத்தை ஆய்வாளர் அச்சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் இவற்றினின்றும் விலகியது. ஒரு துலங்கலின் உடன்விளைவாக ஒரு தூண்டி வந்து சேர, அதன் பயனாக அத்துலங்கல் பின்னர் நிகழும் வீதம் குறையுமாயின் அது தண்டனைத் தூண்டி எனப்படும். 1966ஆம் ஆண்டில் அஸ்ரின், ஹோல்ஸ் ஆகிய இருவரும் எழுதிய விரிவான கட்டுரை இவ்வரைவிலக்கணத்தை நிலைநாட்டியது. வலியோ மனவருத்தமோ தண்டிப்பவரின் நோக்கமோ இதில் இடம்பெறவில்லை. இத்தகைய தூண்டிகள் இரு வகையின. மின்னதிர்ச்சி, பேரொலி, அடி, கடுஞ்சூடு போன்றன முன் அனுபவம் எதுவுமின்றியே நடத்தையை ஒடுக்குவன. இவை இயல்புத் தண்டனைகள். கடிந்துரைக்கும் சொல், முகச்சுளிப்பு, விடைத்தாளில் விழும் சிவப்புக் கோடு போன்றன வேறொன்றோடு இணைந்தமையால் அவ்வாற்றலைப் பெற்றன. இவை கற்ற தண்டனைகள்.

பாடநூல்களில் இப்பாகுபாடு ஒரு சிறு பட்டியலாகச் சுருங்கிவிட்டது. ஆயின், தண்டனையின் வலிமை பற்றி உளவியலாளர் எட்டிய பெரு முடிவுகள் சில, தாம் கையாண்டது எவ்வகைத் தண்டனை என்பதைப் போதிய அளவு வினவாமையாலேயே தடம் மாறின என்பது எமது கருத்து. இதற்குத் தலையாய சான்று தோண்டைக்கின் பணியாகும்.

பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து 1898இல் தம் ஆய்வை வெளியிட்ட தோண்டைக், 1911இல் விளைவு விதியை இரு கைகளும் சமமான ஒரு தராசாகவே அமைத்தார். நிறைவு தரும் விளைவு தொடர்பை வலுப்படுத்தும். துன்பம் தரும் விளைவு அதனை நலிவிக்கும். இருபது ஆண்டுகள் கழிந்தபின் அவரே அத்தராசின் ஒரு கையை முறித்தார். 1932இல் வெளிவந்த அவரது நூல் விவரிக்கும் பரிசோதனைகளில், கற்போருக்கு ஓர் ஸ்பானியச் சொல்லும் ஐந்து ஆங்கிலச் சொற்களும் காட்டப்பட்டன. பொருளை ஊகித்துத் தெரிந்தவரிடம் ‘சரி’ அல்லது ‘பிழை’ எனக் கூறப்பட்டது. ‘சரி’ எனப்பட்ட தெரிவு மீண்டும் மீண்டும் வந்தது. ‘பிழை’ எனப்பட்டதோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனவே தண்டனை நேரடியாகத் தொடர்பை நலிவிப்பதில்லை என அவர் முடிவுகட்டினார். கோழிக்குஞ்சுகளைச் சிறிது நேரம் அடைத்துவைத்து நடத்திய பரிசோதனைகளும் அவருக்குத் துணைநின்றன. எனினும் அவருடைய வாதத்தின் பெருஞ்சுமையைத் தாங்கியது ‘பிழை’ என்ற அந்த ஒரு சொல்லே.

‘பிழை’ என்பது கற்ற தண்டனை. முன்பின் அறியாத ஆய்வாளர் ஒருவர், எவ்வித இழப்பும் தொடராத நிலையில், வளர்ந்த மனிதரிடம் கூறும் ‘பிழை’ எத்துணை வலுவுடையது? பிரம்பு ஏந்திய ஆசிரியர் வகுப்பறையில் கூறும் ‘பிழை’யும் அதுவும் ஒன்றாகுமா? ஒலி ஒன்றேயாயினும் பின்னணி வேறு. ஒரு கற்ற தண்டனையின் மெலிவை அளந்துவிட்டு, அதனைத் தண்டனை முழுவதன் மெலிவாகவும் தோண்டைக் அறிவித்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் அவர் வகித்த இடம் காரணமாக அவ்வறிவிப்பு கல்வியுலகில் வரவேற்கப்பட்டது. வரவேற்கத்தக்க முடிவே என்றாலும், அதற்குக் காட்டிய சான்று போதியதன்று.

ஸ்கின்னர் 1938இல் எதிர்த்திசையிலிருந்து தொடங்கி அதே இடத்தை அடைந்தார். அவர் கையாண்டது இயல்புத் தண்டனை. நெம்புகோலை அழுத்தி உணவு பெறப் பழகிய எட்டு எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. அவற்றுள் நான்கு எலிகள் முதற் பத்து நிமிடங்களில் நெம்புகோலை அழுத்திய ஒவ்வொரு முறையும் அந்நெம்புகோலே அவற்றின் பாதத்தில் அறைந்தது. அழுத்தல் உடனே குறைந்தது. ஆனால் இரண்டாம் நாள் முடிவில், அறைபட்ட எலிகளும் அறைபடாதனவும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு அழுத்தியிருந்தன. தண்டனை நடத்தையை அழிப்பதில்லை, ஒத்திப்போடுகிறது என்பது இதிலிருந்து பெறப்பட்டது. மினசோட்டாவில் ஸ்கின்னரின் மாணவராயிருந்த எஸ்ரிஸ் 1944இல் மின்னதிர்ச்சி கொண்டு இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். தண்டனையற்ற கற்பனைச் சமுதாயம் ஒன்றை 1948இல் ஸ்கின்னர் தம் நாவலில் படைத்ததற்கு இவ்வறையும் ஓர் அடித்தளம் எனலாம். ஆயினும் பத்து நிமிட நேரம் நீடித்த மெல்லிய அறை ஒன்று எல்லா வன்மைக்கும் அளவுகோல் ஆகாது. தண்டனை பயனற்றது என்ற கொள்கை ஒரு கட்டுக்கதையாக வளர்ந்துவிட்டதென 1964இல் சொலமன் கண்டித்தார். கடுமையான மின்னதிர்ச்சி நெடுங்காலம் நடத்தையை ஒடுக்கும் என்பதற்குச் சான்றுகள் அதற்குள் குவிந்திருந்தன.

கற்ற தண்டனை ஆக்கப்படும் முறையை விளங்கிக்கொள்ள நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1920இல் வாட்சனும் ரெயினரும் அல்பேட் எனப் பெயரிட்ட குழந்தையிடம் நிகழ்த்திய பரிசோதனை பலரும் அறிந்தது. வெள்ளெலியை அஞ்சாதிருந்த அக்குழந்தை, இரும்புச் சட்டத்தின் மீது சுத்தியலால் அடித்த பேரொலி அதனோடு இணைக்கப்பட்டபின் அதனைக் கண்டு அழுதது. பலரும் கவனியாது விட்ட ஒரு விவரம் உண்டு: ஒலி எழுப்பப்பட்டது குழந்தையின் கை எலியைத் தொட்ட கணத்திலாகும். ஆகவே அங்கு நிகழ்ந்தது பவ்லோவ் வழி இணைப்பு மட்டுமன்று. கைநீட்டல் என்ற செயலும் தண்டிக்கப்பட்டது. அச்சம் நீக்கப்படாமலேயே குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றது என்பதையும் ஈண்டு குறிப்பிடுதல் வேண்டும்.

இவ்விரு இழைகளையும் பிரித்துக் காட்டியது 1965இல் ஹேக், அஸ்ரின் ஆகியோர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வு. ஒரு தூண்டி முதலில் மின்னதிர்ச்சியோடு இணைக்கப்பட்டது. பின்னர் புறா கொத்துவதன் விளைவாக அத்தூண்டி தோன்றுமாறு செய்யப்பட்டது. கொத்தல் குறைந்தது. இவ்வாற்றல் கடன் வாங்கிய ஆற்றல். அதிர்ச்சியோ வேறு பின்பலமோ தொடராது தூண்டி மட்டும் திரும்பத் திரும்ப வருமாயின், பவ்லோவ் காட்டிய மறைவு விதிப்படி அது தேய்ந்துபோகும். தோண்டைக்கின் ‘பிழை’ ஏன் மெலிந்திருந்தது என்பதற்கு இங்கே ஒரு விடை கிடைக்கின்றது.

அப்படியாயின் இயல்புத் தண்டனையேனும் அசையாத நிலமா? அதுவுமன்று. பவ்லோவின் ஆய்வுகூடத்தில் எரோஃபேவா என்ற ஆய்வாளர் நாயின் தோலில் மின்னோட்டத்தைச் செலுத்தி உடனே உணவளித்து வந்தார். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வலுவூட்டப்பட்ட அந்த மின்னோட்டத்துக்கு நாய் திமிறவில்லை, உமிழ்நீர் சுரந்தது. மின்னோட்டம் பாயும் இடத்தை உடலின் புதிய பகுதிகளுக்கு மாற்றிக்கொண்டே சென்றபோதுதான் அது முறிந்து தற்காப்பு எதிர்வினை மீண்டது. 1961இல் ஹோல்ஸும் அஸ்ரினும், மின்னதிர்ச்சி வரும் வேளையிலேயே உணவும் கிடைக்குமாறு அமைத்தபோது புறாக்கள் அதிர்ச்சியின்போது கூடுதலாகவே கொத்தின. இனி, 1966இல் கார்சியாவும் கோலிங்கும் எலிகளிடம் கண்டது மறுபக்கத்தைக் காட்டியது. நோயுற்ற எலிகள் சுவையை வெறுத்தன, ஒளியையும் ஒலியையும் வெறுக்கவில்லை. அதிர்ச்சியுற்றவை ஒளியையும் ஒலியையும் தவிர்த்தன, சுவையைத் தவிர்க்கவில்லை. எதனை எதனோடு இணைத்துக் கற்பது என்பதிலேயே உயிரியல் இயல்பு கைவைத்திருக்கின்றது. இயல்பானது கற்றலால் திரிகிறது. கற்றல் இயல்பால் வரையறுக்கப்படுகிறது. வரைவிலக்கணத்தை விளைவின்மேல் அமைத்த அஸ்ரின், ஹோல்ஸ் ஆகியோரின் முன்மதி இங்குதான் புலப்படுகின்றது. எத்தூண்டியும் தன் பெயரால் தண்டனையாவதில்லை.

இவை வெறும் கோட்பாட்டுப் பூசல்களாக நின்றுவிடவில்லை. 1965இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் லோவாஸும் அவருடைய துணையாய்வாளரும், ஓட்டிசம் உடைய ஐந்து வயது இரட்டைச் சிறுவர் இருவரிடம் மின்னதிர்ச்சியைப் பயன்படுத்தினர். ‘வேண்டாம்’ என்னும் பொருள்பட்ட சொல் அதிர்ச்சியோடு இணைக்கப்பட்டது. பின்னர் அச்சொல் மட்டுமே நடத்தையை ஒடுக்கியது. பரிசோதனை வெற்றி பெற்றதாகவே அறிக்கை கூறுகின்றது. ஆயின், அச்சொல்லை ஏற்கவோ மறுக்கவோ அச்சிறுவருக்கு என்ன வழி இருந்தது என்ற வினாவை நாம் எழுப்பாதிருத்தல் இயலாது. ஒரு கற்ற தண்டனையை ஆக்குவதற்கு இயல்புத் தண்டனை ஒன்று தேவை; அதனை வைத்திருப்பவர் யார், அதற்கு உட்படுபவர் யார் என்பது ஆய்வுகூடத்துக்கு வெளியே முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றது. அதிகாரத்தின் இப்பங்கீடு அட்டவணைகளில் எங்கும் பதிவாவதில்லை. 1987இல் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் 19 குழந்தைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பயிற்சி பெற்றனர். அங்கு உரத்த ‘வேண்டாம்’ ஒன்றும், இறுதி வழியாகத் தொடையில் ஓர் அடியும் இடம்பெற்றிருந்தன. உரத்த சொல்லுக்குப் பின்னால் அடி நின்றது. இனிய பொருளை நீக்குவதும் தண்டனையே என 1953இல் ஸ்கின்னர் வகுத்துரைத்திருந்தார். வலியின்றிச் சொல்லுக்குப் பின்பலம் தரும் வழி ஒன்று அதில் இருந்தமையின், அடியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்ற வாதம் எமக்கு ஏற்புடையதன்று.

தன்னைத்தானே காயப்படுத்தும் அல்லது பிறரைத் தாக்கும் நடத்தைக்கென மின்னதிர்ச்சிக் கருவிகளைப் பயன்படுத்துவதை ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் தடைசெய்தது. 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. கருவி தீமையானதன்று என்பதனாலன்று, தடைசெய்யும் அதிகாரம் சட்டத்தில் இல்லை என்பதனால். 2022 டிசெம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தை வழங்கியது. 2024 மார்ச்சில் நிர்வாகம் தடையை மீண்டும் முன்மொழிந்தது.